உமது ஊர் யாது?

மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எனக்குக் கொடுத்த கதிரை மேசையின் எந்தப் பக்கத்திலும் சேராது. அதிகாரி ஒரு பக்கம், விசாரிக்கப்படுபவர் எதிர்ப்பக்கம், நான் மேசையின் குறுகிய முனையில். அங்கே இருந்தால் இரண்டு பேருக்கும் என் முகத்தில் பாதிதான் தெரியும். தெரியாத பாதியால் நான் மற்றவருக்கு ஏதோ சாடை காட்டுகிறேன் என்று இருவருமே நினைத்தார்கள். அந்தக் கதிரையில் இருந்த மாதங்களில் என்னை யாரும் முழுமையாக நம்பியதாக ஞாபகம் இல்லை. நானும் ஒருவரையும் நம்பவில்லை.

என் உத்தியோகம் அதுவல்ல. திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் இரத்தமும் சளியும் பார்ப்பதுதான் என் வேலை. பயிற்சிக்காகக் கொழும்பில் இருந்த காலத்தில் ஒரு சிங்களக் குடும்பத்தோடு தங்கியிருந்தேன். அதனால் சிங்களம் தடையின்றி வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் கச்சேரியின் மொழிபெயர்ப்பாளர் மாற்றலாகிப் போனார். அவருடைய இடத்துக்கு ஆள் வரவில்லை. கந்தோர் வேலை முழுதும் சிங்களத்தில் நடந்தது. வருகிற சனமோ பெரும்பாலும் தமிழ்ச் சனம். அந்த நேரம் மலைநாட்டுத் தோட்டங்களில் பஞ்சம். பிழைப்புத் தேடி எங்கள் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்கள் அரிசிக் கூப்பனுக்கும் பதிவுக்கும் கச்சேரி விறாந்தையில் வரிசையில் நின்றன. புதன்கிழமை பின்னேரங்களில் என்னை இரவலாகக் கொடுக்க ஆஸ்பத்திரி சம்மதித்தது.

முதல் நாளே எனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டேன். சொன்னதற்கு மேல் கூட்டுவதில்லை. சொன்னதைக் குறைப்பதில்லை. நானாக ஒன்றும் கேட்பதில்லை. நாலாவது விதி கொஞ்சம் பிந்தி வந்தது: அதிகாரியின் தேத்தண்ணியைக் குடிப்பதில்லை. ஒருநாள் குடித்தேன். எதிரில் இருந்த கிழவர் அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை.

நான் சொல்லப்போகும் விசாரணை ஒரு பெட்டிசத்தில் தொடங்கியது. பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியில் ஒரு மீனவரின் வீட்டில், இந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் வந்த பெண் ஒருத்தி மனைவியாக இருக்கிறாள் என்று யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். குடிவரவு அதிகாரி ஜீப்பில் சல்லிக்குப் போனார். கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை அங்கேயே நிறுத்தி வாக்குமூலம் எழுதினார். அவர் தமிழ்ப் பரீட்சையில் சித்தியடைந்த சிங்களவர். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வாக்குமூலம் சிறியது. ஊர்? பட்டுக்கோட்டைப் பக்கம். யாரோடு வந்தாள்? தமையனோடு. எப்படி? தோணியில். கீழே பெருவிரல் அடையாளம்.

பிறகு அவளைக் கச்சேரிக்கு வரச்சொன்னபோது, தான் பிறந்தது நுவரெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என்றாள். இரண்டு கதைகள் ஆகிவிட்டன. மேலிடத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒழுங்காக விசாரிக்கச் சொன்னார்கள். அப்படித்தான் அந்தக் கோப்பு என் புதன்கிழமைக்குள் வந்தது.

முதல் வாக்குமூலம் நிலைத்தால் நடக்கப்போவது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவளைக் கொழும்பிலுள்ள தடுப்பு முகாமுக்கு ஏற்றுவார்கள், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல். மூன்று வயது மகள் இங்கே பிறந்தவள், தகப்பன் இந்த நாட்டுப் பிரசை. ஆகவே பிள்ளை தகப்பனோடு நிற்கும், தாய் மட்டும் போவாள். தகப்பனையும் சும்மா விடமாட்டார்கள். தோணி வைத்திருப்பவன், அவன்தான் ஏற்றி இறக்கியிருப்பான் என்று அவன்மேலும் வழக்கு வரும்.

முதல் புதன்கிழமை அவர்கள் மூவரும் வந்தார்கள். அவள் என் வயதுதான் இருப்பாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு கதிரையின் விளிம்பில் இருந்தாள். கணவன் பின்னால் நின்றான். பிள்ளை யன்னலடிக்கு ஓடிப்போய், முற்றத்தில் மேய்ந்த மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் வழமைபோல மனதுக்குள் பட்டியல் போட்டேன். ஒன்று, அவளுடைய பேச்சு இந்தியப் படங்களில் கேட்கும் பேச்சைப்போல இருந்தது. இரண்டு, கணவன் கடல் தொழில் செய்பவன். மூன்று, ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு, முதல் கதைக்கும் இரண்டாவது கதைக்கும் நடுவில் ஒரு வாரம் இருந்திருக்கிறது. ஒரு வாரத்தில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கலாம். அவளுக்குச் சாதகமான பக்கத்தில் எழுத எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அதிகாரி கோப்பைத் திறந்து, முதலில் தன் தமிழிலேயே தொடங்கினார். பரீட்சைக்குப் பாடமாக்கிய தமிழ்.

"உமது ஊர் யாது?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஊருங்களா?" என்றாள். "பட்டுக்கோட்டப் பக்கங்க."

அவர் என்னிடம் சிங்களத்தில், "இப்போது எங்கே பிறந்தாள் என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன்.

"பொறந்தது தோட்டத்துலங்க. லயத்து வரிசை வீட்டுலதான் பொறந்தேன்."

மொழிபெயர்த்தேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். ஒரே நிமிடத்துக்குள், ஒரே கதிரையில் இருந்துகொண்டு இரண்டு கதையும் சொல்லிவிட்டாள். "இரண்டில் எது பொய் என்று கேளுங்கள்."

குறைப்பதில்லை என்பது என் விதி. "இது ரெண்டில எது பொய் எண்டு கேக்கிறார்" என்றேன்.

அவள் முகம் இறுகிவிட்டது. "ரெண்டும் நெசந்தாங்க."

"இரண்டும் உண்மையாம்" என்றேன் சிங்களத்தில். அதைச் சொல்லும்போது என் குரலிலேயே ஒரு கேலி ஏறியிருக்க வேண்டும், அதிகாரி இலேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளும் பார்த்தாள், அவள் கணவனும் பார்த்தான். அடுத்த புதன்கிழமை கடைசி விசாரணை என்று அவர் எழுதினார். ஏதும் ஆதாரம் இருந்தால் கொண்டுவரட்டும், இல்லாவிட்டால் முதல் வாக்குமூலப்படி அறிக்கை போகும்.

விறாந்தையில் கணவன் என்னை மறித்தான்.

"தங்கச்சி, ஒரு கதை கேக்கட்டே? நீங்கள் எங்கட ஆளோ, அவையின்ர ஆளோ?"

"நான் ஒருத்தற்ற ஆளும் இல்லை. சொல்லுறதைச் சொல்லுறன்."

"அவர் ரெண்டு சொல்லுச் சொன்னால் நீங்கள் பத்துச் சொல்லுறீங்கள். மிச்சம் எட்டும் எங்கயிருந்து வருது?"

"அவர் சொல்லுறதைத் தமிழில விளங்கப்படுத்த வேணும்."

"இவள் பத்துச் சொன்னால் நீங்கள் ரெண்டில முடிக்கிறீங்கள். அதில எட்டு எங்க போகுது?"

கதவடியில் நின்ற பியோனுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. அவர் குறிஞ்சாக்கேணி ஆள், வயதானவர், எந்த விசாரணையையும் வாசலில் நின்றே முழுதாகக் கேட்டுவிடுவார். "அந்த எட்டையும் இந்த எட்டையும் மிஸ் வீட்ட கொண்டுபோறாங்க போல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி எங்களைப் பார்க்காமல், பிள்ளையின் செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும்போதெல்லாம் அவளுடைய "ரெண்டும் நெசந்தாங்க" எனக்கு எரிச்சலைத் தந்தது. ஒரு சோதனை முறை சரியாக வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால், விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியை எடுத்து அதே முறையில் சோதிப்போம். சரியான விடை வந்தால் முறையில் பிழை இல்லை, பிழை நோயாளியின் மாதிரியில். அவளையும் அப்படிச் சோதிக்க நினைத்தேன். அவளுக்கு உதவி செய்யும் எண்ணம் அதில் இருக்கவில்லை. அவளைப் பிடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

விடை தெரிந்த மாதிரி மேசைமேலேயே கிடந்தது. மகளின் பிறப்புச் சான்றிதழைக் கணவன் முதல் நாளே கொண்டுவந்து வைத்திருந்தான். பிறந்த இடம் திருகோணமலை ஆஸ்பத்திரி, வதிவிடம் சல்லி. அதில் யாருக்கும் தகராறு இல்லை. பிள்ளையின் ஊர் எது என்று கேட்டால் தாய் சல்லி என்பாள். சொன்னாளானால், ஊர் என்ற சொல்லைப் பிறந்து வளர்ந்த இடம் என்றுதான் அவள் விளங்கிக்கொள்கிறாள் என்பது உறுதி. அப்படியானால் பட்டுக்கோட்டைதான் உண்மை, தோட்டம் பிறகு சொல்லிக்கொடுத்த கதை.

அடுத்த புதன்கிழமை அவர்கள் ஆதாரம் ஒன்றும் கொண்டுவரவில்லை. தாயும் தகப்பனும் தோட்டத்திலேயே செத்துப்போனார்கள், தமையன் வவுனியாப் பக்கம் போனவன் எங்கே என்று தெரியாது. அதிகாரி கோப்பில் கடைசித் தாளை எடுத்தபோது, நான் சிங்களத்தில், "சேர், நான் ஒரு கேள்வி கேட்கலாமா?" என்றேன்.

"நீங்களா?" அவர் என்னையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தார். "இவர்கள் யாராவது வீட்டுக்கு வந்து கேட்டார்களா?"

"இல்லை. கேள்வியை முதலில் உங்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பிள்ளையின் ஊர் எது என்று."

"அது எழுதிக் கிடக்கிறதே."

"அதனால்தான், சேர்."

அவருக்கு அது விளங்கியது. கையை அசைத்தார். நான் அவள் பக்கம் திரும்பி, "உங்கட மகளுக்கு எது ஊர்?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவேயில்லை. கணவனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அவளுக்கும் பட்டுக்கோட்டப் பக்கந்தாங்க."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கணவன் பாய்ந்தான். "என்னடி கதை கதைக்கிறாய்? பிள்ளை சல்லிப் பிள்ளையடி! நான் சல்லி, என்ர அப்பன் சல்லி!"

"பொறந்தது இங்கதான், யாரு இல்லேன்னா? பெரியாசுபத்திரியில."

"பிறகென்ன பட்டுக்கோட்டை?"

"அது ஊரு."

"எந்த ஊர்? நீ அங்க போனியா? உன்ர கொப்பன் போனவரா?"

"எங்க தாத்தா அங்கேருந்துதான வந்தாரு! அப்ப எங்களுக்கு ஊரு அதுதான? தோட்டத்த யாராச்சும் ஊருன்னு சொல்லுவாங்களா? தோட்டம் தொரைக்குச் சொந்தமுங்க." கடைசி வார்த்தை என்னைப் பார்த்துச் சொன்னது.

 அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், தன் மகளுக்குக் கடலுக்கு அப்பால் ஓர் ஊர் இருப்பது கணவனுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. மனம் நொந்துபோய்ச் சுவரில் சாய்ந்தான்.

நான் போட்ட கண்ணியில் அவள் விழவில்லை. விழுந்தது அந்தச் சொல். எங்களுக்கு ஊர் என்றால் நாங்கள் இருக்கும் இடம். பிறப்பதும் சுடலைக்குப் போவதும் அங்கேதான், அதனால் பிரித்துக் கேட்கும் தேவை எங்களுக்கு வந்ததில்லை. தோட்டத்துச் சனத்துக்கு ஊர் என்றால் பாட்டன் புறப்பட்ட இடம். பிறந்தது லயத்தில், வேலை மலையில், ஊர் கடலுக்கு அப்பால். இரண்டும் நெசம் என்று அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை அதிகாரிக்கு எப்படிச் சொல்வது? நான் விளக்கினால், கூட்டிச் சொல்கிறேன் என்பார்.

"என்ன சண்டை?" என்றார் அவர். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அவர் நம்பவில்லை. "இது ஒத்திகை பார்த்த சண்டை" என்றார்.

சிங்களத்தில் ஊருக்கு 'கம' என்பார்கள். கொழும்பில் நான் தங்கியிருந்த வீட்டில் யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். அது ஞாபகத்துக்கு வர, விதியை இன்னொரு தடவை உடைத்தேன். "சேரின் கம எது?"

"மாத்தறை" என்றார் பட்டென்று.

"சேர் பிறந்தது மாத்தறையிலா?"

 அவர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர் என்று பியோன் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அதிகாரி பேனை மூடியைத் திருகினார். பிறகு, "இது என் கிராமத்தைப் பற்றிய விசாரணை அல்ல, மிஸ். இந்தக் கேள்வியை உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?" என்றார்.

"ஒருவரும் இல்லை, சேர்."

என்னை நம்பாமலே, அவர் நேராக அவளிடம் திரும்பினார். "நீர் பட்டுக்கோட்டையைக் கண்டதுண்டா?"

அவளுக்கு விளங்கவில்லை. தமிழைத் தமிழில் மொழிபெயர்த்தேன். "பட்டுக்கோட்டையைப் பார்த்திருக்கிறீங்களா எண்டு கேக்கிறார்."

"இல்லீங்க. எங்கப்பாவே பாத்ததில்லீங்க."

"அப்படியானால் தோணி? எந்தக் கடலைத் தாண்டி வந்தாள்?" இதை அவர் சிங்களத்தில் கேட்டார்.

"அப்ப தோணி? எந்தக் கடலைத் தாண்டி வந்தனீங்கள்?"

"மொதல்ல குறிஞ்சாக்கேணியில வயல் வேலைக்கு நின்னோம், நானும் அண்ணனும். அப்புறம் அங்கேருந்து இந்தப் பக்கம் வந்தோம். தோணியில ஏத்தி விட்டாங்க."

வாசலில் பியோனால் அடக்க முடியவில்லை. "சேர்!" என்று சிங்களத்திலேயே தொடங்கிவிட்டார். "குறிஞ்சாக்கேணியிலிருந்து களப்பைத் தாண்டத் தோணி ஏறாமல் எப்படி வருவது? நான் ஒவ்வொரு நாளும் தோணியில்தான் வேலைக்கு வருகிறேன்!" பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "அப்ப நானும் கள்ளத்தோணிதான் மிஸ், என்னையும் சேத்து எழுதச் சொல்லுங்க" என்றார்.

அதிகாரி அவரை வெளியே போகச் சொன்னார். ஆனால் கடைசித் தாளைத் திரும்பக் கோப்புக்குள் வைத்துவிட்டார். தோட்டத்தின் பெயர், தகப்பனின் பெயர், எந்த லயம், எந்தக் கங்காணியின் ஆட்கள் என்று ஒவ்வொன்றாக என்னைக் கேட்கச் சொல்லி எழுதினார். தோட்டத்துக்கு எழுதிக் கேட்கும்வரை அவள் சல்லியை விட்டு எங்கும் போகக்கூடாது என்றார். நான் அவரோடு சேர்ந்தே அறையை விட்டு வெளியே வந்தேன். தனியாக நின்று அவர்களோடு கதைத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது.

பதில் வர நாள் எடுத்தது. அதற்குள் எனக்கு வேறு சந்தேகங்கள் வந்தன. பெட்டிசத்தை எழுதியவர் யார்? பக்கத்து வீட்டாரா, கணவனின் சொந்தக்காரரா? கணவன் என்னிடம் கேட்டான், நான் அதிகாரியிடம் கேட்டேன், அவர் சிரித்துவிட்டுக் கோப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தோட்டத்துப் பதிவில் அவள் பெயர் பிழையாக இருந்தால்? இல்லவே இல்லை என்று வந்தால்? பட்டியலில் சாதகமான பக்கத்தில் இப்போது சில வரிகள் ஏறியிருந்தன. ஆனால் ஒரு சொல்லை விளங்கிக்கொண்டதற்காக ஓர் ஆளை நம்பிவிடலாமா என்று எனக்கு நிச்சயமில்லை.

அவர்களைத் திரும்பக் கூப்பிட்ட புதன்கிழமை, அதிகாரி இருந்த இடத்திலிருந்தே பேசினார். "தோட்டத்துப் பதிவில் பிறப்பு இருக்கிறது. விசாரணை முடிந்தது. அவள் போகலாம் என்று சொல்லுங்கள்."

"நீங்கள் தோட்டத்தில பிறந்தது பதிவில இருக்குதாம். விசாரணை முடிஞ்சுது. நீங்கள் போகலாமாம்."

அவள் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்தாள். "எங்கங்க?"

"வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்குங்க?"

"சல்லிக்கு. உங்கட வீட்டுக்கு."

"சல்லின்னு அவரு சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?"

அதிகாரி சல்லி என்று சொல்லவில்லை. அவரிடம் கேட்டேன். "சல்லிதான்" என்றார் பொறுமையிழந்து. "ஆனால் இதனால் பிரசாவுரிமை கிடைத்துவிட்டதாக நினைக்கவேண்டாம். அவள் இந்தியாவிலிருந்து வந்தவள் அல்ல, அவ்வளவுதான்."

அதையும் குறைக்காமல் சொன்னேன். "அது தெரியுமுங்க" என்றாள். "திருப்பி அனுப்ப மாட்டோம்னு எழுதித் தரச் சொல்லுங்க."

அதிகாரி கேட்டுவிட்டு இல்லையென்று தலையாட்டினார். "ஒருவரை அனுப்புவதற்குத்தான் எங்களிடம் கடிதம் இருக்கிறது. அனுப்பாமல் விடுவதற்குக் கொடுக்கும் கடிதம் என்று ஒன்று இல்லை."

அவள் அதைக் கேட்டு வியக்கவில்லை. கணவன் பின்னாலிருந்து, "எழும்பு, பஸ் போயிரும்" என்றான். அவள் அசையவில்லை.

"அவரு மொதல்ல போகட்டும்."

"என்ன சொல்கிறாள்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

குறைப்பதில்லை. "நீங்கள் முதலில் போகவேண்டுமாம், சேர்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், நானாகச் சொல்கிறேனோ என்பதுபோல. பிறகு பேனையைச் சட்டைப்பையில் செருகி, கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.  முற்றத்தில் ஜீப் இரைந்து கிளம்பும் சத்தம் கேட்டது.

"கேட்டத் தாண்டிட்டாரா?" என்றாள்.

விறாந்தையில் நின்ற பியோன் எட்டிப் பார்த்தார். "தாண்டி றோட்டில ஏறிட்டாரு."

"எந்தப் பக்கம்?"

"கோட்டைப் பக்கம் பிள்ளை. சல்லிப் பக்கம் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழும்பி யன்னலால் பார்த்தேன். ஜீப் கோட்டைப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. "ஓம்" என்றேன்.

அவளும் எழும்பி வந்து, என் பக்கத்தில் நின்று தானே பார்த்தாள். ஜீப் வளைவில் மறைந்த பிறகு மேசைக்குத் திரும்பிப் போய், அங்கே கிடந்த மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.